மீதி வளைவு

ஜெனிட்டாவின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்று முதல் முதுகை நிமிர்த்துவதற்காக அவள் அணிந்த மருத்துவ உள்சட்டை, அவள் நடந்தாலும் தூங்கினாலும் வேண்டிய இடத்தில் தானே அழுத்தியது, மற்ற இடத்தில் தளர்ந்துகொடுத்தது. வளைவு இன்னும் எவ்வளவு மீதி என்பதைத் தினமும் அம்மா செல்வமேரியின் போனுக்குச் சொன்னது. விடிந்ததும் மகளின் முகத்தைப் பார்க்குமுன் செல்வமேரி அந்த எண்ணைத்தான் பார்ப்பாள்.

மூன்றாம் ஆண்டு, தூத்துக்குடியில் டாக்டர் அவள் முதுகையும் சட்டையின் பதிவுகளையும் சோதித்துவிட்டுச் சிரித்தார். "இனி வளைவு அதிகமாகாது. ஒன்பது டிகிரிதான் மிச்சம், அதனால எந்தத் தொந்தரவும் வராது. இன்னும் ஒரு வருஷம் போட்டா அதையும் நிமித்திரலாம். உங்க விருப்பம்."

"போட்டுருவோம் டாக்டர்," என்றாள் செல்வமேரி.

ஜெனிட்டா எழுந்து நின்றாள். "வேண்டாம்மா. வளைவு கூடிரும்னு பயந்துதான் போட்டேன். இப்ப பயமில்ல. இந்த ஒன்பது டிகிரி என்னோடயே இருந்துட்டுப் போவட்டும்."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. மறுத்துச் சொல்ல செல்வமேரியும் எழுந்தாள். மகளின் கண்களைப் பார்க்க அவள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. இவள் எப்போது இவ்வளவு வளர்ந்தாள்?

"சரிட்டி, திரும்பு," என்று சொல்லி, சட்டையின் கொக்கிகளைத் தன் கையாலேயே கழற்றினாள்.