அப்பா பெயர்

"அப்பா பேரு இல்லாம ஊசி கிடையாது" என்று அட்டையைத் திருப்பித் தள்ளினார் சுகாதார நிலைய எழுத்தர். "உங்க தெரு ஆளுங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?"

ஊரெல்லாம் தட்டம்மை. குழந்தையை இடுப்பில் இடுக்கியிருந்த அந்தப் பாலியல் தொழிலாளி நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தமாவே சொல்லிடட்டுமா சார்? அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

வரிசையில் நின்ற பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எழுத்தருக்குக் குப்பென்று வியர்த்தது.

"வேணாம்மா, வேணாம்!" அவரே முத்திரை குத்தி, முதல் ஆளாக உள்ளே அனுப்பினார்.

ஊசி போட்டு வெளியே வந்ததும், கூட வந்த தோழி கிசுகிசுத்தாள்: "அடிப்பாவி, இந்த ஆளா பாப்பாவோட அப்பா?"

"சேச்சே! இவரை நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன்."

"அப்புறம் ஏன்டி அந்த மனுஷன் அப்படி நடுங்கினாரு?"

"அதை அவர் வீட்டுக்காரம்மாதான் கேக்கணும்" என்றாள், அழுத குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி.