சாமந்தி மஞ்சள்

"யாரைக் கேட்டும்மா கம்பெனி வெப்சைட் கலரை மாத்துன?"

மேனேஜர் இராமச்சந்திரன் போட்ட சத்தத்தில் ஒரகடம் ஃபேக்டரியின் ஆபீஸே நிமிர்ந்தது. சந்தனமாரி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

பிரேக் மாட்டும் செய்முறையை, ஊழியர்கள் மட்டும் பார்க்கும் அந்த வெப்சைட்டில் தப்பாகத் திருத்திவிட்டாள் என்று போன வாரம்தான் அவளுக்கு மெமோ கொடுத்திருந்தார். திருத்தம் அவள் பெயரில் பதிவாகியிருந்ததால், "நான் தொடவே இல்ல சார்" என்று அவள் கதறியது எடுபடவில்லை.

"எனக்குப் பிடிச்சிருந்தது, மாத்துனேன்" என்றாள் இன்று.

"திமிரைப் பாரு! காலையில தொறந்தா பக்கம் பூரா சாமந்திப்பூ மாதிரி மஞ்சள். மத்தவங்க எப்படி வேலை பார்ப்பாங்க? உடனே பழையபடி மாத்து!"

"மாத்த மாட்டேன். அன்பு அண்ணே, உங்களுக்கு என்ன கலர்ல தெரியுது?"

பக்கத்து மேஜை அன்பு தன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "இன்னா சார், எனக்கு எப்பவும் போல நீலமாத்தான் கீது."

சந்தனமாரி இப்போதுதான் எழுந்தாள்.

"எல்லாருக்கும் நீலம்தான் சார். மஞ்சள் வச்சது என் பேருக்கு மட்டும். என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ள போனாத்தான் அது தெரியும். நீங்க எப்படி சார் பாத்தீங்க?"