முப்பத்தாறு அங்குல ரம்பம்

வாசல் வேப்பமரத்தைச் சுற்றி டேப் பிடித்தபடி, மாடிவீட்டு கௌஷிக் செயின் ரம்பம் விற்கும் கடைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இருபது அங்குல ரம்பம் பத்தாது, முப்பத்தாறு வேணும். சின்ன மோட்டார் திணறும், பெரிசா கொடுங்க. பலகை அறுக்கற செயினும் சேர்த்து."

கீழ்வீட்டு ஜன்னலோரம் கேட்டுக்கொண்டிருந்த ராமசுப்ரமணியனுக்குப் பகீரென்றது. மூன்று நாளாகவே மரத்தின் மேல் இந்தப் பையனின் பார்வை சரியில்லை.

"என்னப்பா, மரத்துல கை வைக்கப் போறியா?"

"வெட்டப்போறது அரசாங்க ஆளுங்க, அங்கிள். கட்டையை நான் கேட்டு வாங்கியிருக்கேன். அடிமரம் கேட்டைத் தாண்டாது. இங்கேயே நீளவாக்குல அறுத்தாத்தான் பலகையா வெளியே போகும். அதுக்குத்தான் மெஷின்."

"எவன் பர்மிஷன் கொடுத்தான்? டெல்லியில ஒரு கிளையை வெட்டவே ஆயிரம் கேள்வி கேப்பான்! இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. ராஜி! பேப்பர் பேனா கொண்டா!"

ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர். தினம் ஒரு மனு எழுதாவிட்டால் அவருக்குக் காபி இறங்காது.

கௌஷிக் தயங்கியபடி ஒரு காகிதத்தை நீட்டினான். "உத்தரவு இதோ, அங்கிள். கட்டையைக் கேட்டப்போ இந்த நகலைக் கொடுத்தாங்க. உங்களுக்கும் வந்திருக்குமே?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'காரின் மேல் சருகு விழுவதால் மரத்தை அகற்றக் கோரி, நான்கு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் அளித்த மனுவும், அதன்பின் அனுப்பிய பதினொரு நினைவூட்டல்களும் பரிசீலிக்கப்பட்டு, அனுமதி வழங்கப்படுகிறது. பெறுநர்: திரு. ராமசுப்ரமணியன்.'

காரை விற்றே மூன்று வருஷமாகிறது.

மனைவி ராஜி பேப்பரும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"இன்னிக்கு யார் மேல புகார்?"