ஆண் கூடை, பெண் கூடை

புருல்லுஸ் ஏரிக்கரை மீன்வளர்ப்புக் கல்லூரிக்கு ஹாஜி ஷாபான் வந்ததே நஜாத் டீச்சரின் வேலைக்கு உலை வைக்கத்தான்.

“முப்பது வருஷமாப் பண்ணை வச்சிருக்கேன். குளத்துல கால் வைக்காத பொம்பளை மீன் பத்திப் பாடம் நடத்துறதா? அந்த வேலையை எனக்குக் கொடுங்க!”

முதல்வர் வஜ்தி தாமே ஒரு குளத்தில் இறங்கி நாற்பது திலேப்பியா மீன்களைப் பிடித்து வந்து, ஆளுக்கு இருபது மீன், இரண்டு கூடை என்று வைத்தார்.

“ஆணையும் பெண்ணையும் பிரிங்க. சரியாப் பிரிக்கிறவங்களுக்குத்தான் வேலை.”

ஷாபான் மீன்களை மல்லாத்தி, ஒரே பார்வை பார்த்து வீசினார். பத்தே நிமிடம். பதினொன்று ஆண், ஒன்பது பெண்.

நஜாத் டீச்சர் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து மெதுவாக வைத்தார். கடைசி மீனை வைத்த பிறகும் அவருடைய பெண் கூடை காலியாகவே கிடந்தது.

“என்னம்மா, கண்ணு தெரியலையா? இல்ல, திருப்பிப் பார்க்க வெட்கமா?”

மாணவர்கள் சிரித்தார்கள். முதல்வர் சிரிக்கவில்லை.

“ஹாஜி, குஞ்சுலேயே மருந்துத் தீனி போட்டு, அத்தனையையும் ஆணாக்கி வளர்த்த குளம் அது. அதுல பெண்ணே கிடையாது.”

நஜாத் டீச்சர் ஷாபானின் கூடையை எட்டிப் பார்த்தார்.

“பாவம், ஒன்பது ஆம்பளைங்களுக்கு முக்காடு போட்டு விட்டுட்டீங்களே, ஹாஜி!”