வழிமறித்த படம்

காலையிலிருந்து ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்ததில் நோரீனுக்கு இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. கொண்டுவந்த பழைய படத்தை டோனலின் மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் டோனல், பழைய படங்களில் இருப்பது எந்த இஞ்சின் என்று எழுதி மாதாகோயில் கூடத்தில் மாட்டிவைப்பார்.

“அப்பன் எங்கள விட்டுட்டு இங்கிலாந்துக்கு ஓடின அன்னிக்கு எவனோ ரயில் பைத்தியம் எடுத்தது. கைய விரிச்சு மறிக்கிறது எங்கம்மா. ஆளுங்கள வெட்டிட்டு இஞ்சின மட்டும் மாட்டிக்குங்க” என்றாள் நோரீன்.

“லிவர்பூல்ல செத்துட்டாராமே. பொணத்த வாங்கலயா?”

“வேணாம்னு காலையிலயே போன்ல சொல்லிட்டேன். அஞ்சு வயசுல விட்டுட்டுப் போனவன், ஒரு தடவ வந்து எட்டிப் பாத்தானா?”

டோனல் பூதக்கண்ணாடியை எடுத்தார். “எந்த வருஷம் போனார்?”

“அம்பத்திரண்டு.”

“அப்ப இது அன்னிக்கு எடுத்தது இல்ல புள்ள. இந்த இஞ்சின் நம்ம லைனுக்கு வந்ததே அம்பத்தாறுலதான். டப்ளின்லேர்ந்து மொத நாள் ஓட்டிட்டு வந்தவனே நான்.”

நோரீன் குனிந்து பார்த்தாள். அப்பா பெட்டியோடு நிற்கிறார். ரயில் அவருக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா மறித்து நிற்பது ஊருக்குள் போகிற ஸ்டேஷன் கேட்டை.

“டீ போடட்டுமா?” என்றார் டோனல்.

“போடுங்க.”

அழுகை வரவில்லை. திரும்பி வந்த அப்பாவுக்கு மகள் செய்ய வேண்டிய அடக்கம் பாக்கி இருந்தது.