கண் பட்ட ட்ரோன்

"ஏத்தா, குடையவாவது நேராப் பிடி. அதையும் கீறி வச்சிராத!"

அகரத்துச் செண்டுமல்லித் தோட்டத்து வரப்பில் நின்று சுருளிவேல் போட்ட சத்தத்தில், ஜோடியாகப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் கௌசல்யாவும் மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் முகத்தில் வெயில் விழாமல் குடை பிடித்திருந்த இசைவாணி அதை நிமிர்த்திப் பிடித்தாள்.

போன வாரம் வரை சுருளிவேல் ஸ்டூடியோவின் ட்ரோன் ஆபரேட்டர் அவள்தான். "திண்டுக்கல்லுல ட்ரோன் ஓட்டுற பொம்பளப் பிள்ள நம்மகிட்ட மட்டுந்தான்" என்று அவளைக் காட்டியே கல்யாண ஆர்டர் பிடித்தவரும் இதே மகராசன்தான். இப்போது அவளுக்குக் குடை பிடிக்கிற வேலை. அதுவும் இன்றோடு சரி.

காரணம், லென்ஸில் கீறல். புது ட்ரோனை முதன்முதலாகப் பறக்கவிட்ட கன்னிவாடிக் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பு முழுக்கப் படத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

"எந்த முருங்க மரத்துல கொண்டுபோயி மோதுன?"

"எங்கயும் மோதலண்ணே. கீறல்னா தரையில வச்சு ஆன் பண்ணும்போதும் தெரியணும்ல? மேல ஏறுனாத்தான தெரியுது?"

சுருளிவேல் சிரித்தார். அது சிரிப்பா? எச்சில் துப்புகிற மாதிரி இருந்தது.

"நீ பொறக்கும்போதே நான் கேமராவும் கையுமாத் திரிஞ்சவன். எனக்கு நீ பாடம் எடுக்குற! மேல போனா வெளிச்சம் ஜாஸ்தி, கீறலு பளிச்சுன்னு தெரியும். போத்தா."

லென்ஸை ஊதிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். ஒரு கீறலும் தெரியவில்லை. உடனே, "இது நுணுக்கமான கீறல், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடேயப்பா, என்ன ஞானம்!

அவருக்கு உள்ளூர வேறொரு எரிச்சல். ட்ரோன் வந்த அன்று இசைவாணி அதைக் கையில் வாங்கி, "அம்சமா இருக்குண்ணே, நானும் ஒருநா இப்பிடி ஒண்ணு வாங்கணும்" என்று சொல்லியிருந்தாள். சொந்தமாக வாங்குவாளாம்! அவள் எதிரிலேயே எலுமிச்சம்பழம் சுற்றி நசுக்கி, மாரியம்மன் கோயிலில் வைத்து எடுத்த கறுப்புக் கயிறை ட்ரோனில் கட்டி, சூடம் காட்டிய பிறகுதான் அவர் மனசு ஆறியது. அப்படியும் கண் பட்டுவிட்டதே என்று பெண்டாட்டியிடம் புலம்பித் தீர்த்தார்.

புலம்பியதோடு விட்டாரா? போட்டோகிராபர்கள் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இந்தப் பிள்ள கையில ட்ரோனக் குடுத்தா, திரும்பி வாரது குப்பதான். உஷாரா இருங்கப்பா." அதற்குப் பிறகு இசைவாணி போன் செய்த ஒரு ஸ்டூடியோக்காரரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தொழில் தெரிந்தும் முகூர்த்த மாதத்தில் அவள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இன்றைக்கு ரிமோட் சுருளிவேல் கையில். ட்ரோன் எழும்பியது. அது கிளப்பிய காற்றில் செண்டுமல்லிகள் தலை சாய்த்தன. ஸ்க்ரீனில் கோடு வந்து நின்றது.

"பாத்தீகளா, பாத்தீகளா!" பெண்ணின் அப்பா தங்கமுத்துவிடம் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினார். "எல்லாம் இந்தம்மா செஞ்ச புண்ணியம்."

"அப்ப எம்மக மூஞ்சியில கோடு விழுமாய்யா?" தங்கமுத்து பதறிப்போனார்.

"பொறுப்பில்லாததுகள வேலைக்கு வச்சா இப்பிடித்தான் ஆகும். இன்னிக்கோட தலைமுழுகிட்டேன்."

ட்ரோன் ஓட்டியபோதெல்லாம் இசைவாணியின் கண் ஸ்க்ரீனிலேயே இருக்கும். குடை பிடிக்கிறவளுக்கு ஏது ஸ்க்ரீன்? முதன்முறையாக அவள் பறக்கிற ட்ரோனை அண்ணாந்து பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

"அண்ணே, அதச் செத்த எறக்கி என் மூஞ்சிக்கு நேரா நிறுத்துங்க."

"எதுக்கு? மன்னிப்புக் கேக்கப் போறியா?" சுருளிவேலுக்கு வாயெல்லாம் பல். "கேளு, கேளு. அப்பிடியே ரெக்கார்டு பண்ணிக் குரூப்புல போடுறேன். நாலு பேரு பாக்கட்டும்."

ரிமோட்டில் மாட்டியிருந்த போனில் குரலும் சேர்ந்து பதிவாகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். ட்ரோன் இறங்கி, இசைவாணிக்கு நாலெட்டுத் தள்ளி அந்தரத்தில் நின்றது. மணப்பெண் கௌசல்யாவும் எட்டிப் பார்த்தாள், பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாப்பிள்ளையை இடித்தாள்.

"ம், ஓடுது. சொல்லு!" என்றார் சுருளிவேல், ஸ்க்ரீனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இசைவாணி குடையை மடக்கி, அதன் நுனியால் ட்ரோனின் முன்பக்கத்தைக் காட்டினாள்.

"லென்ஸுக்குக் குறுக்க காத்துல ஆடுது பாருங்கண்ணே, எங் கண்ணு படக் கூடாதுன்னு நீங்க கட்டுன கயிறு."