தேன் தடவிய சீட்டு

வீட்டுக்கு இரண்டு ஆடு இலவசம் என்று மலை முழுக்கச் செய்தி பரவியிருந்தது. புளியமேட்டுக்காரர்கள் பட்டியே கட்டி முடித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தார்கள். ஓடைக்கு அக்கரை ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள்.

"ரெண்டு ஊர்ல ஒண்ணைச் சீட்டுப் போட்டு எடுக்கணுங்க. விவரம் அப்புறம்தான். முன்னாடியே சொன்னா ஆராய்ச்சி கெட்டுடும்" என்றாள் ஆராய்ச்சிக்கு வந்த தேவயானி.

ஊருக்கு ஒரு சீட்டாக, அவரவர் ஊர்ப் பெயரை எழுதிச் சொம்பில் போட்டார்கள். புளியமேட்டு நாட்டாமை அர்ச்சுனன் தன் சீட்டில் மட்டும் மலைத்தேனைத் தடவியிருந்தார்.

"நீங்கதான் வயசுல பெரியவரு. எடுங்கய்யா" என்று அவரிடமே சொம்பை நீட்டினாள் தேவயானி.

அர்ச்சுனன் சாமியைக் கும்பிட்டுவிட்டு, சொம்புக்குள் துழாவி, பிசுபிசுத்ததை எடுத்தார்.

"புளியமேடு!"

ஊரே விசிலடித்தது.

"ஆடு எப்பம்மா வரும்?"

"ஆடு அக்கரைக்குங்க. உங்களுக்கு அஞ்சு வருசத்துக்கு எதுவும் கெடையாது. ஆடு வாங்குன ஊரு எவ்ளோ முன்னேறுதுன்னு ஒப்பிட்டுப் பாக்க, வாங்காத ஊரு ஒண்ணு வேணுமில்ல? அதுக்குத்தான் இந்தச் சீட்டு."

"இன்னாம்மா அநியாயம்! மறுபடியும் குலுக்கு!"

"சீட்டுல தில்லுமுல்லு நடந்திருந்தாத்தான் குலுக்க முடியும். நடந்துச்சுங்களா?"

அக்கரைக்காரர்கள் மொத்தமாக எழுந்து அர்ச்சுனனைப் பார்த்தார்கள்.

"சே சே! சுத்தமான சீட்டும்மா" என்று கையை உதறினார் அவர்.

சீட்டுதான் விரலை விட்டு விழவில்லை.